மருந்தும் அச்சும் சொந்தக் கையில்: அயோத்திதாசப் பண்டிதர்

பீர்க்கன்கரணைக்காரர்கள் பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் தாம்பரம் சானடோரியம். அங்கே உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு நம் ஊர்களிலிருந்து நாள்தோறும் மக்கள் போய் வருகிறார்கள். 2005இல் திறக்கப்பட்ட அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பத்திரிகையாளர், பௌத்தர் என்று அவரை அறிந்தவர்கள் உண்டு. தம் கையால் பொருள் செய்து, அதற்குத் தாமே விலை வைத்த தொழிலாளி என்றும் அவரை நாம் அறிய வேண்டும்.

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரையே பிற்பாடு தம் பெயராக்கிக்கொண்டார். அவருடைய பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அவர் வீட்டில் இருந்த திருக்குறள் சுவடிதான் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது. ஏட்டையும் எழுத்தாணியையும் அறியாத சாதி என்று நம்மைச் சொன்னவர்களுக்கு அந்தச் சுவடியே பதில்.

நீலகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1891இல் அங்கே திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டிய பண்டிதர், பின்னர் சென்னை இராயப்பேட்டையில் நிலைத்தார். சோறு போட்டது சித்த வைத்தியம். அந்தக் காலத்து வைத்தியர் வீடு என்பதே ஒரு பட்டறை. மூலிகையை உலர்த்திச் சூரணமாக்க வேண்டும், கல்வத்தில் நாள்கணக்கில் அரைக்க வேண்டும், வறட்டி அடுக்கிப் புடம் போட வேண்டும். சிறுவயதில் கை கால் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வை எழுந்து நடக்க வைத்தது பண்டிதரின் வைத்தியம்தான். சேரியைத் தொட்டால் தீட்டு என்ற ஊர், அங்கிருந்து வந்த மருந்தைத் தீட்டுப் பார்க்காமல் விழுங்கியது.

1907 ஜூன் 19, புதன்கிழமை, அவருடைய வார இதழ் வெளிவந்தது. விலை காலணா, பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஓராண்டு கழித்து ‘தமிழன்’ ஆனது. முதலில் அன்பர் ஒருவரின் அச்சகத்தில் அச்சான இதழுக்கு வாசகர்களின் உதவியால் சொந்த அச்சகம் வந்தது. அதற்குக் கௌதமர் பெயர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, மை தடவி, தாளில் அழுத்தி எடுக்கும் வேலை அது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் மக்கள் தங்கள் கூலியிலிருந்து அந்த இதழைத் தாங்கினார்கள். கடல் தாண்டிய தமிழர்களும் வாங்கிப் படித்தார்கள்.

அது சுதேசி இயக்கம் கொதித்த காலம். அந்நியப் பொருளை விலக்கு என்ற முழக்கம் எங்கும் கேட்டது. பண்டிதர் அதைக் கேள்வி கேட்டார். உழுகிறவனையும் நெய்கிறவனையும் தாழ்ந்தவன் என்று ஒதுக்கி வைத்துவிட்டு உள்நாட்டுத் தொழில் எப்படி வளரும்? முதலில் வித்தை கற்பியுங்கள், பொருளைச் செய்யுங்கள், சாதியை விடுங்கள் என்பது அவர் வாதம்.

அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. தோல் பதனிட்டோம், செருப்பு தைத்தோம், பறை கட்டினோம், பாய் முடைந்தோம். செய்தது நம் கை, விலை சொன்னது வேறு வாய். இன்றும் நம் பிள்ளைகள் அடுத்தவர் பட்டறையில் பத்து வருடம் வேலை கற்கிறார்கள். சொந்தமாக ஒரு கொட்டகை போட நினைத்தால் இடமும் முதலும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், எந்தத் தெருவில் செய்தது என்று விசாரித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். 1926இல் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை மீண்டும் கொண்டுவந்தார். பண்டிதரின் நூல்களை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. இன்று அவர் எழுத்து நமக்குக் கிடைக்கிறது என்றால், அச்சகத்தை வைத்துக் காப்பாற்றியவர்கள் நம்மவர்களாக இருந்ததுதான் காரணம். தொழில் கற்கும் மாணவர்கள் வேலையோடு கணக்கையும் விலை வைப்பதையும் கற்றுக்கொள்ளட்டும். பெயர்ப் பலகையில் தங்கள் பெயரையே எழுதட்டும்.