பழனியின் கவிச்சிங்கமும் நம் பங்கின் பிள்ளைகளும்



பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட கேள்வி நமக்கெல்லாம் தெரியும். இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்பதே அக்கேள்வி. இரண்டுமல்ல என்று ஆண்டவர் மறுத்துவிட்டார். கடவுளின் செயல் இவர் வழியாக வெளிப்பட வேண்டும் என்றார் (யோவான் 9). ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் சீடர்களின் அந்தக் கேள்வி நம் தெருக்களை விட்டுப் போகவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை ஊனத்தோடு பிறந்தால், யார் செய்த பாவமோ என்று முணுமுணுப்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

வடகவுஞ்சியிலிருந்து மலைச்சாலையில் கீழே இறங்கினால் பழனி. சந்தைக்கும், மருத்துவமனைக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும் நம் மக்கள் போய்வரும் ஊர் அது. அந்த ஊரில் பிறந்து, கண்பார்வை இழந்து, தமிழகம் போற்றும் புலவராக உயர்ந்த ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். மாம்பழக் கவிராயர் என்று மக்கள் அழைத்த மாம்பழக் கவிச்சிங்க நாவலரே அவர்.

அவர் 1836-இல் பழனியில் பிறந்தார். தந்தை முத்தையா ஆசாரி. கைவினைத் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட விசுவகர்மர் குலம். நம் புனித சூசையப்பரைப் போல, கண்ணும் கையும் ஒன்று சேர்ந்து உழைத்தால்தான் உலையில் அரிசி வேகும் என்ற நிலையில் வாழ்ந்த சமூகம் அது. குழந்தைக்கு மூன்று வயதானபோது அம்மை கண்டது. உயிர் தப்பியது, பார்வை போயிற்று. பெரியம்மை எத்தனையோ பேரின் உயிரையும் பார்வையையும் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-இல்தான் அறிவிக்கப்பட்டது.

அந்தத் தந்தையின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மகனுக்குக் குலத்தொழிலைக் கொடுக்க முடியாது. பார்வையற்றோருக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது. இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி அமிர்தசரசில் தொடங்கியதே 1887-இல்தான். பாளையங்கோட்டைப் பள்ளி 1890-இல் வந்தது. இந்த இரண்டையும் நாவலர் காணவில்லை. அவர் 1884-இலேயே மறைந்துவிட்டார். பிள்ளையை வீட்டு மூலையில் உட்காரவைத்து, வேளைக்குச் சோறு போட்டிருந்தால் ஊரில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளை படித்தான். பழனியில் இருந்த மாரிமுத்துக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைக் கேட்டே கற்றான்.

கேட்டே கற்பது எப்படி என்று நமக்கு வியப்பாக இருக்கலாம். பழைய தமிழ்க் கல்வி பெரும்பாலும் காதால் நடந்த கல்வி. ஆசிரியர் சொல்வார், மாணவர் திருப்பிச் சொல்வார். எதுகையும் மோனையும் செவிக்கு இன்பம் தருவதோடு நினைவுக்கும் பிடிமானம் தருகின்றன. ஒரு பாட்டு முடிகிற சொல்லே அடுத்த பாட்டுக்குத் தொடக்கமாக வரும் அந்தாதி, ஒன்றைப் பிடித்தால் அடுத்தது தானாக வரும் சங்கிலி. கண் இல்லாதவர்க்கு அதுவே கைத்தடி. பாட்டு நினைவில் பிறந்த பிறகு ஏட்டில் எழுத ஒரு கை வேண்டும். அந்தக் காலத்தில் அது குறையாகவும் கருதப்படவில்லை. நல்ல பார்வையுள்ள மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களே பாடல்களைச் சொல்லிக்கொண்டே போவார், மாணவர் எழுதிக்கொள்வார். ஆகவே பழனியின் பார்வையற்ற இளைஞருக்குத் தேவைப்பட்டது பெரிய புதுமை ஒன்றுமில்லை. சொல்லிக்கொடுக்க ஒரு வாய், எழுதிக்கொள்ள ஒரு கை, பொறுமையுள்ள ஒரு மனம், இவ்வளவுதான்.

அவருக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர்களும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். எழுத்துகளைத் தம் முதுகில் எழுதிக் காட்டச் சொல்லி அவர் கற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. எழுதிய விரல் யாருடையது என்று பலருக்கும் தெரியாது. ஆனால் அந்த விரல் இல்லாமல் அந்தப் புலவர் இல்லை.

பழனிப் புலவரின் புகழ் மெல்ல மெல்ல மலையடிவாரத்தைத் தாண்டியது. இராமநாதபுரம் அரண்மனையில் அப்போது முத்துராமலிங்க சேதுபதி மன்னராக இருந்தார். அவருடைய தமையனார் பொன்னுசாமித் தேவர் தமிழை உயிராக மதித்தவர். ஆறுமுக நாவலரின் நூற்பதிப்புகளுக்கும் உதவியவர். பழனிப் புலவர் அந்த அவைக்குச் சென்றார். அக்காலத்தில் அரண்மனை அவை என்பது எளிதான இடமல்ல. புதிதாக வந்த புலவருக்கு ஓர் ஈற்றடியைக் கொடுத்து அப்போதே பாடச் சொல்வார்கள். பொருள் கேட்பார்கள். இலக்கணத்தில் மடக்கப் பார்ப்பார்கள். அங்கே இரக்கத்துக்கு இடமில்லை. ஒருமுறை கேட்டதை மறவாத நினைவாற்றலும், நினைத்தவுடன் பாடும் திறமும் கொண்டு அவர் அந்த அவையை வென்றார். கவிச்சிங்கம் என்ற பட்டம் அந்தச் சமஸ்தானம் அவருக்கு அளித்ததே. பாவம், பார்வையில்லாதவர் என்று கொடுத்த பரிசல்ல அது. தமிழுக்காகக் கொடுத்த மரியாதை.

பதிகம், அந்தாதி, வெண்பா, நான்மணிமாலை என்று பல வகையிலும் பாடினார். பெரும்பாலான பாடல்கள் பழனி முருகனைப் பற்றியவை. அவருடைய சமயம் வேறு, நம் விசுவாசம் வேறு. ஆயினும் பிற சமயங்களில் காணப்படும் உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நமக்குக் கற்பித்திருக்கிறது. அண்டை ஊர்க்காரரின் வாழ்வில் கடவுளின் செயலைக் காண நமக்குத் தடையேதுமில்லை.

நம் திருச்சபையிலும் இப்படி ஒருவர் உண்டு. ஜெர்மனி நாட்டில் 1013-இல் பிறந்த ஹெர்மான். நடக்க முடியாது, நாவும் தெளிவாகப் பேசாது. ஏழு வயதில் ரைக்கனவு துறவு மடத்தில் அவரைச் சேர்த்தார்கள். அங்கிருந்த துறவிகள் அவரைச் சுமையாக எண்ணி ஒதுக்கவில்லை. தூக்கினார்கள், கற்றுக்கொடுத்தார்கள். அவர் இசை, வானியல், வரலாறு என மூன்று துறைகளிலும் நூல்கள் எழுதி 1054-இல் இறந்தார். நாம் செபமாலையின் முடிவில் சொல்லும் கிருபை தயாபத்து மந்திரத்தை இயற்றியவர் அவரே என்பது நெடுங்கால மரபு. நம் மலைக் குடிசைகளிலும் இரவில் கேட்கும் அந்தச் செபத்துக்குப் பின்னால் எழுந்து நிற்க முடியாத ஒரு மனிதர் இருக்கிறார்.

இதை எழுதும்போது நம் மனச்சான்று நம்மைக் குத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணிபுரிந்த ஒரு பங்கில் ஒரு தாய், பார்வையற்ற தம் மகனை ஞாயிறு மறைக்கல்விக்கு அழைத்து வந்தார். நாம் அன்பாகத்தான் பேசினோம். பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும் அம்மா, அதுவே போதும் என்றோம். அவனுக்குப் பாடத்தை யார் வாசித்துக் காட்டுவது என்று நினைத்துப் பார்க்கவில்லை. பாடகர் குழுவில் சேர்க்கலாமே என்றும் தோன்றவில்லை. சில மாதங்களில் அந்தத் தாய் அவனை அழைத்து வருவதை நிறுத்திவிட்டார். திருப்பலியில் பாடும் பாடல்கள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம் என்பதை உபதேசியார் சொல்லித்தான் பிறகு அறிந்தோம். அதற்குள் அந்தக் குடும்பம் பிழைப்புக்காக வேறு ஊர் போய்விட்டது. அவன் இன்று எங்கே இருக்கிறானோ! நாம் அவனுக்குக் காட்டியது இரக்கம். கொடுக்கத் தவறியது வாய்ப்பு.

இன்று வசதிகள் பெருகிவிட்டன. தொட்டுப் படிக்கும் பிரெயில் எழுத்து தமிழிலும் உண்டு. கைப்பேசியே எழுத்தை வாசித்துக் காட்டுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்றுக்கொள்கிறது. இருந்தும், சாலையில்லாத ஒரு மலைக் குக்கிராமத்தில் கால் நடவாத ஒரு பெண்பிள்ளை இருந்தால், அவளைப் பள்ளிக்கும் கோவிலுக்கும் கொண்டு வருவது சட்டமல்ல, இரண்டு தோள்கள்தான்.

மாற்கு நற்செய்தியில் முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்த நால்வரை நினைத்துப் பார்ப்போம். வழியில்லை என்று அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்தார்கள். அந்த நால்வரின் பெயரை நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய நம்பிக்கையை ஆண்டவர் கண்டார். பழனிப் புலவருக்காக ஏடு எழுதிய கைகளின் பெயரும் நமக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும்.

ஆகவே இந்த வாரம் நம் அன்பியக் கூட்டங்களில் ஒரு கேள்வியைக் கேட்போம். நம் ஊரில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளை யார்? அவனுக்கோ அவளுக்கோ பாடவோ, வரையவோ, கதை சொல்லவோ வருமா? அதை யாராவது கேட்டிருக்கிறோமா? பதில் தெரியாவிட்டால், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்த வீட்டுக்கு இரண்டு பேர் சேர்ந்து போவோம். ஆறுதல் சொல்ல வேண்டாம். அருகே உட்கார்ந்து, உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்போம்.

அன்புத் தந்தையே, உம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நீர் ஒரு கொடையைத் தந்திருக்கிறீர். அதைக் காணாத பார்வையற்றவர்கள் நாங்களே. எங்கள் கண்களைத் திறந்தருளும். எங்கள் கைகளைப் பிறருக்கு இரவல் தர எங்களுக்கு மனம் தாரும். ஆமென்.