காட்டுக்கு வேலியான வேட்டைக்காரர்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலிருந்து சற்று வடக்கே நடந்தால் கோலாலம்பூரின் பழைய இரயில் நிலையத்தைக் காணலாம். வெண்ணிறக் கோபுரங்களும் வளைந்த வாயில்களும் கொண்ட அக்கட்டடம் 1910-ஆம் ஆண்டில் எழுந்தது. கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடும் இடத்தில் அமைந்துள்ள ஜாமெக் பள்ளிவாசல் 1909-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. இவ்விரண்டையும் வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர். நகரின் முகத்தையே மாற்றியமைத்த பெருமை அவருக்கு உண்டு.

ஆர்தருக்குத் தியோடர் என்று ஒரு தம்பி இருந்தார். அவரும் மலாயாவில்தான் வாழ்ந்தார். ஆனால் அவர் எந்தக் கட்டடத்தையும் எழுப்பிப் பெயர் பெறவில்லை. மரத்தை வெட்டாமலும் மண்ணைத் தோண்டாமலும் விட்டுவைக்கப்பட்ட ஒரு பெருங்காடே அவருடைய நினைவுச் சின்னமாக விளங்குகிறது. அதுவே இன்று நாம் தாமான் நெகாரா என்றழைக்கும் தேசியப் பூங்கா.

தியோடர் ஹப்பேக் 1872-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா தோற்றுவிக்கப்பட்டது. ஒரு நிலப்பரப்பை யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது, அது எல்லா மக்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது உலகுக்கே புதியது. அந்த எண்ணத்தை மலாயாவில் வேரூன்றச் செய்ய, அவ்வாண்டில் பிறந்த இக்குழந்தை பிற்காலத்தில் பாடுபடும் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அண்ணனும் தம்பியும் மலாயாவுக்கு வந்தார்கள். அக்காலத்தில் கோலாலம்பூர் வளர்ந்து வரும் ஒரு சிறிய நகரம். அதற்கு வேண்டிய செங்கற்கள் பிரிக்பீல்ட்ஸ் சூளைகளில் வெந்துகொண்டிருந்தன. கிள்ளான் பகுதியையும் கோலாலம்பூரையும் இணைக்கும் இரயில் சேவை 1886-ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. நகரத்தைத் தாண்டினால் எங்கும் காடு. தியோடர் ரப்பர் தோட்ட முதலாளியாகத் தொழில் செய்தார். எனினும், அவருடைய மனம் தோட்டத்தைவிடக் காட்டையே நாடியது.

அவர் தேர்ந்த வேட்டைக்காரர். யானையையும் செலாடாங் எனப்படும் காட்டு மாட்டையும் தேடிக் காட்டுக்குள் நெடுந்தூரம் செல்வார். அக்காலத்தில் காட்டுப் பயணம் என்பது ஓரிரு நாளில் முடியும் காரியமன்று. ஆற்றில் படகேறிச் செல்ல வேண்டும். நீர் ஆழமில்லாத இடங்களில் கழியை ஊன்றிப் படகைத் தள்ள வேண்டும். அரிசி, உப்பு, கருவாடு ஆகியவற்றைச் சுமந்துகொண்டு கால்நடையாக மலையேற வேண்டும். இருட்டுவதற்கு முன் ஆற்றங்கரையில் மேடான இடமாகப் பார்த்துக் கம்புகளை நட்டு, ஓலையால் கூரை வேய்ந்து, தரைக்குச் சற்று உயரத்தில் படுக்கை அமைக்க வேண்டும். எங்கே தங்குவது என்று கேட்க ஆளில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. மலாய்க்காரர்களும் பூர்வகுடியினரும் அத்தகைய பயணங்களுக்கு வழிகாட்டிகளாக இருந்தார்கள். அவர்களிடம் காடு பற்றிய அறிவு இல்லாவிட்டால் வெளியார் எவரும் அங்கே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

தம் வேட்டை அனுபவங்களைத் திரட்டி, மலாய் மாநிலங்களில் யானை, செலாடாங் வேட்டை பற்றி ஒரு நூலை 1905-ஆம் ஆண்டில் ஹப்பேக் வெளியிட்டார். பின்னாளில் அமெரிக்காவின் அலாஸ்காவுக்கும் வேட்டைப் பயணம் மேற்கொண்டு, அதைப் பற்றியும் நூல் எழுதினார். இதுவரை பார்த்தால், அக்காலத்து ஆங்கிலேய வேட்டைக்காரர் பலரில் அவரும் ஒருவர் என்றே தோன்றும். அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது அதன்பின் நிகழ்ந்த மாற்றமே.

20-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது, முப்பது ஆண்டுகளில் மலாயாவின் காடு வேகமாகச் சுருங்கியது. உலகச் சந்தையில் ரப்பருக்குப் பெரும் விலை கிடைத்தது. ஈயச் சுரங்கங்கள் பெருகின. சாலைகளும் தண்டவாளங்களும் உட்பகுதிகளை எட்டின. கிள்ளான் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் தோட்டங்களை உருவாக்கக் கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் வெயிலிலும் மழையிலும் உழைத்தார்கள். நம் முன்னோர் பலரின் வாழ்வு அந்தத் தோட்டங்களில்தான் வேர்விட்டது. ஆனால், அதே நிலம் அதற்கு முன்பு யானைகளின் வழித்தடமாக இருந்தது. தம் வழியில் திடீரென்று முளைத்த இளஞ்செடிகளை யானைகள் மிதித்தன, தின்றன. தோட்ட உரிமையாளர்களும் சிறு விவசாயிகளும் அவற்றைச் சுட்டுத் தள்ள வேண்டும் என்றார்கள். மற்றொரு பக்கம், கொம்புக்கு ஆசைப்பட்டவர்கள் காண்டாமிருகங்களைக் கொன்று குவித்தார்கள்.

ஆண்டுதோறும் காட்டுக்குள் சென்று தங்கியவர் என்பதால் ஹப்பேக் இந்த மாற்றத்தைக் கண்கூடாகக் கண்டார். நகரத்தில் இருப்பவருக்குக் காடு முடிவில்லாதது போலத் தோன்றும். தடம் பார்த்து நடப்பவருக்குத்தான் எந்தத் தடம் குறைந்து வருகிறது என்பது தெரியும். விலங்குகளைத் தேடிச் சென்ற அவர் மெல்ல மெல்ல அவற்றின் காவலராக மாறினார். 1920-களில் பகாங் மாநிலத்தின் வனவிலங்குக் காப்புப் பணியைக் கௌரவப் பொறுப்பாக ஏற்றுச் செய்தார். அவர் போன்றோரின் முயற்சியால் 1925-ஆம் ஆண்டில் குனோங் தாஹான் மலையைச் சுற்றியுள்ள ஏறக்குறைய 1,400 சதுரக் கிலோமீட்டர் காடு வனவிலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

அத்துடன் அவர் அமைதியடையவில்லை. காப்பகம் என்பது அரசாங்க அறிவிப்பு ஒன்றால் உருவாவது. மற்றோர் அறிவிப்பால் அதை நீக்கிவிடவும் முடியும். ஈயமோ நல்ல மரமோ கிடைக்கும் என்று தெரிந்தால் காப்பகத்தின் எல்லை சுருங்கிவிடலாம். ஆகவே, எளிதில் மாற்ற முடியாத உறுதியான சட்டத்தின்கீழ் ஒரு தேசியப் பூங்கா வேண்டும் என்பது அவருடைய கருத்தாக இருந்தது.

1930-ஆம் ஆண்டில் மலாயாவின் வனவிலங்குகள் பற்றி ஆராயும் ஆணையம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தீபகற்பத்தின் பல பகுதிகளுக்கும் சென்று மக்களின் கருத்துகளை அவர் கேட்டறிந்தார். விலங்குகளால் பயிரை இழந்தவர்களின் மனக்குறையும் அங்கே பதிவாயிற்று. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பதுபோல் அவருடைய பணி அமைந்தது. விலங்குகளைக் காக்க வேண்டும் என்றால் தோட்டக்காரர்களின் கோபம்; பயிரைக் காக்க வேண்டும் என்றால் விலங்குகளின் அழிவு. இரண்டுக்கும் வழி காண வேண்டுமானால், விலங்குகளுக்கென்றே போதிய பரப்புள்ள காட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்று அவர் உணர்ந்தார். 1932-ஆம் ஆண்டில் அவருடைய அறிக்கை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. தேசியப் பூங்கா அமைப்பது அதன் முக்கியமான பரிந்துரைகளுள் ஒன்று.

அந்த அறிக்கை வந்த காலம் சாதகமானதாக இல்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பரின் விலையும் ஈயத்தின் விலையும் அடியோடு வீழ்ந்திருந்தன. தோட்டங்களில் வேலை இழந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். மனிதர்களுக்கே வயிற்றுப்பாடு பெரும்பாடாக இருந்த வேளையில், விலங்குகளுக்காக நிலம் ஒதுக்கச் சொல்வது பலருக்கு வேண்டாத வேலையாகப் பட்டிருக்கும். ஆயினும் ஹப்பேக் விடாமுயற்சியுடன் செயல்பட்டார். பூங்காவுக்குரிய காடு பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவியிருந்தது. எனவே, மூன்று மாநில ஆட்சியாளர்களின் இசைவும் தேவைப்பட்டது.

முடிவில் மூன்று சுல்தான்களும் இணங்கினார்கள். கிளந்தான் 1938-ஆம் ஆண்டிலும் பகாங்கும் திரெங்கானுவும் 1939-ஆம் ஆண்டிலும் அதற்கான சட்டங்களை இயற்றின. மொத்தம் 4,343 சதுரக் கிலோமீட்டர் காடு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா என்னும் பெயரில் உருவானது. அறிக்கை வெளிவந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின் ஹப்பேக்கின் கனவு நனவாயிற்று. அப்போது அவருக்கு வயது 66.

அந்த மகிழ்ச்சியை அவர் நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1941-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைந்தது. நாடு போரில் சிக்கித் தவித்த 1942-ஆம் ஆண்டில் ஹப்பேக் உயிரிழந்தார். அவர் மறைந்தாலும் சட்டம் நிலைத்தது, காடும் நிலைத்தது. நாடு விடுதலை பெற்றபின் அப்பூங்கா தாமான் நெகாரா என்று பெயர் மாற்றம் பெற்றது.

அந்தக் காட்டில் ஹப்பேக்குக்கு நெடுங்காலம் முன்பிருந்தே வாழ்ந்து வருபவர்கள் பாதேக் என்னும் பூர்வகுடியினர். அவர்களில் பலர் காட்டுக்குள் ஓரிடத்தில் சில நாள் தங்குவார்கள். கம்புகளையும் ஓலைகளையும் கொண்டு சாய்கூரைக் குடில் அமைப்பார்கள். கிழங்கும் பழமும் குறையத் தொடங்கினால் வேறிடம் செல்வார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ஓலை மட்கி மண்ணாகிவிடும். சில மாதங்களில் அங்கே மனிதர் தங்கிய சுவடே இராது. காட்டில் தங்கும் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுக்க அவர்களைவிடச் சிறந்த ஆசிரியர்கள் இல்லை.

அமெரிக்காவின் மலைப்பகுதித் தேசிய வனங்கள் பலவற்றில் இன்றும் கட்டணமின்றி, விரும்பிய இடத்தில் கூடாரம் அமைக்கலாம். அங்கே குழாயும் இராது, கழிப்பறையும் இராது, குப்பைத் தொட்டியும் இராது. ஆனால் விதிகள் உண்டு. பெரும்பாலான இடங்களில் 14 நாள்களுக்கு மேல் தங்கக்கூடாது. நீர்நிலையை ஒட்டிக் கூடாரம் போடக்கூடாது. கொண்டுசென்ற பொருள்கள் அனைத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் காட்டில், ஒருவர் விட்டுச்செல்லும் சிறு குப்பையும் சிறியதன்று என்பதால் இவ்விதிகள் ஏற்பட்டன.

நம் நாட்டில் முறை சற்று வேறு. தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தாஹான் 2,187 மீட்டர் உயரமுடையது. கோலா தாஹானிலிருந்து நடந்து சென்று திரும்ப ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அதில் ஏற முடியாது. சிலாங்கூரின் உயர்ந்த மலைகளுள் ஒன்றான குனோங் நுவாங் 1,493 மீட்டர் உயரமுடையது. அங்கே செல்பவர்கள் லோலோ முகாமிலும் பாச்சாட் முகாமிலும் தங்குவது வழக்கம். பாச்சாட் என்றால் மலாய்மொழியில் அட்டை. பெயரே போதிய எச்சரிக்கை தருகிறது. அம்மலைக்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும். மலையுச்சியில் மழை கொட்டினால், கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆற்றில் திடீர் நீர்ப்பெருக்கு வரும். கரையோரத்தில் உறங்குபவர்களை அது அடித்துச் சென்றுவிடும். மேலும், லங்காட் ஆறு அந்த மலைப்பகுதியில்தான் பிறக்கிறது. மேலே கூடாரத்தின் அருகில் வீசப்படும் அழுக்கு, கீழே வாழும் மக்களின் நீரில் கலக்கிறது. ஆகவே, விதிகள் நம்மைத் தடுப்பதற்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. நமக்குப்பின் வருபவர்களும் அங்கே தங்குவதற்காக ஏற்பட்டவை.

ஹப்பேக் எல்லாவற்றிலும் வென்றுவிட்டார் என்று கூற முடியாது. 1939-ஆம் ஆண்டில் அவர் சுமத்ரா காண்டாமிருகம் பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதினார். 80 ஆண்டுகளுக்குப் பின், 2019-ஆம் ஆண்டில், மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் சபாவில் இறந்தது. மலாயாப் புலிகளும் இன்று 150-க்கும் குறைவாகவே காடுகளில் எஞ்சியுள்ளன. எனினும், அவற்றுக்கு இன்னும் வீடு இருக்கிறது. 1970-களில் தெம்பெலிங் ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, பூங்காவின் ஒரு பகுதி நீரில் மூழ்கிவிடும் என்று இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. காக்க வேண்டிய காடு எது, அதன் எல்லை எது என்பது சட்டத்தில் தெளிவாக இருந்ததால்தான் அவர்களால் அவ்வாறு போராட முடிந்தது.

ஆர்தர் ஹப்பேக்கின் கட்டடங்களைப் பார்ப்பவர்கள் வியந்து நிற்பார்கள். தியோடர் ஹப்பேக்கின் பணியைக் காண விரும்புபவர்கள் தெம்பெலிங் ஆற்றில் படகேற வேண்டும். அங்கே அவர் செய்தது எதுவும் கண்ணில் படாது. மரங்கள் நிற்கும், ஆறு ஓடும், இரவில் எங்கோ ஒரு விலங்கு குரல் கொடுக்கும். மனம்போல் காட்டில் தங்கிய ஒருவர், அந்த உரிமைக்கு எல்லை வகுத்ததால் கிடைத்த பயன் அது. பள்ளி முகாமுக்காகக் கூடாரத்தைத் தோளில் சுமந்து மலையேறும் மாணவர்கள், திரும்பும்போது தங்கள் குப்பையையும் சுமந்து வருவார்களானால், அவர் தொடங்கிய பணி தொடர்கிறது என்று பொருள்.