உடைந்த ஓட்டைச் சரிசெய்தது யார்? - கடலைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்த ழான் வில்ப்ரூ பவர்

வீட்டில் பவளப்பாறைத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. நேற்றுவரை நீலமும் பச்சையுமாக விரிந்திருந்த ராட்சதச் சிப்பியின் சதை இன்று சுருங்கிக் கிடக்கிறது. நிழல் பட்டாலே மூடிக்கொள்ளும் ஓடு, கையை ஆட்டினாலும் அசையாமல் பிளந்து நிற்கிறது. மனம் உடனே மருந்துப் புட்டியைத் தேடும். ஆனால் மீன் நோய்க்குப் பயன்படும் செம்பு கலந்த மருந்து சிப்பிக்கு நஞ்சு. அவசரப்பட்டு ஊற்றினால், பிழைக்கக்கூடிய சிப்பியும் செத்துவிடும். மருந்தைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நின்று கவனிப்பது.

ஓடுள்ள ஒரு கடலுயிரைக் கண்ணாடி வழியாக மணிக்கணக்கில் கவனித்து, அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக விவாதித்த கேள்விக்கு விடை கண்டவர் ஒரு பெண். அவர் கல்லூரிக்குப் போனதில்லை. தையல் வேலை செய்து பிழைத்தவர். அவர் பெயர் ழான் வில்ப்ரூ பவர்.

நடந்தே பாரிஸ்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில் ஜுய்யாக் என்றொரு சிற்றூர். அங்கே 1794 செப்டம்பரில் ழான் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர், தாய் துணி தைப்பவர். சிறுவயதிலேயே தாயை இழந்த ழான், எழுதப் படிக்கத் தெரிந்ததற்கு மேல் பெரிய படிப்பு எதுவும் பெறவில்லை.

1812இல், ஏறத்தாழ 18 வயதில், தையல் வேலை தேடி பாரிசுக்குப் புறப்பட்டார். தொலைவு 400 கிலோமீட்டருக்கு மேல். பயணம் கால்நடையாகத்தான். வழித்துணையாக வந்த உறவினரே தவறாக நடந்துகொண்டதால், வழியில் ஒர்லியான் நகரில் அவர் அடைக்கலம் தேட நேர்ந்தது. தாமதமாகப் பாரிஸ் சேர்ந்தபோது, அவருக்கென்று சொல்லி வைத்திருந்த வேலை கைநழுவிப் போயிருந்தது. ஊருக்குத் திரும்பாமல், வேறொரு தையற்கடையில் உதவியாளராகச் சேர்ந்தார்.

நான்கே ஆண்டுகளில் அவரது கைத்திறன் பேசப்பட்டது. 1816இல் சிசிலி அரச குடும்பத்து இளவரசி கரோலினாவுக்கும் பிரெஞ்சு இளவரசர் பெரி கோமகனுக்கும் திருமணம் நடந்தது. மணப்பெண்ணின் உடையை உருவாக்கியவர் ழான். அதன்பின் வணிகரான ஜேம்ஸ் பவரைச் சந்தித்தார். 1818இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் இருவரும் மணந்துகொண்டனர். வாழ்க்கை அங்கேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் அமைந்தது.

ஊசியை வைத்துவிட்டு வலையை எடுத்தார்

வசதியான இல்லத்தரசியாக அவர் இருந்துவிட்டிருக்கலாம். ஆனால் ழான் புத்தகங்களை வாங்கித் தாமே படிக்கத் தொடங்கினார். சிசிலித் தீவைக் கால்நடையாகச் சுற்றினார். செடிகள், வண்ணத்துப்பூச்சிகள், கிளிஞ்சல்கள், கனிமங்கள், புதைபடிவங்கள் எனச் சேகரித்துக் குறிப்பெழுதினார். மெசினா துறைமுகம் வீட்டருகே இருந்ததால் அவரது கவனம் கடலின் பக்கம் திரும்பியது.

அங்கே அவரை ஈர்த்த உயிர் ஆர்கோனாட். ஆக்டோபஸ் இனத்தைச் சேர்ந்தது. பெண் ஆர்கோனாட் மட்டும் காகிதம்போல் மெல்லிய, வெள்ளை நிற ஓட்டுக்குள் வாழும். அந்த ஓடுதான் முட்டைகளுக்கும் தொட்டில். எட்டுக் கைகளில் இரண்டின் நுனி அகன்ற தோல்போல விரிந்திருக்கும். அந்தக் கைகளைப் பாய்மரமாக விரித்து, ஓட்டைப் படகாக்கி, அது கடலில் மிதந்து போகிறது என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே நம்பப்பட்டது.

அதைவிடப் பெரிய சர்ச்சை ஒன்றும் இருந்தது. அந்த ஓடு யாருடையது? ஆர்கோனாட்டின் உடல் ஓட்டோடு ஒட்டியிருப்பதில்லை. எனவே துறவி நண்டு காலி ஓட்டில் குடியேறுவதுபோல, வேறு ஏதோ உயிரின் ஓட்டை அது எடுத்துக்கொள்கிறது என்று அறிஞர் பலர் வாதிட்டனர். அதுவே செய்கிறது என்றனர் வேறு சிலர். இரு தரப்பினர் கையிலும் இருந்தவை பெரும்பாலும் சாராயத்தில் ஊறிய இறந்த உடல்கள். இறந்த உயிர் ஓடு கட்டிக் காட்டுமா?

மூன்று வகைத் தொட்டிகள்

உயிருள்ள ஆர்கோனாட்டைப் பார்க்க வேண்டும் என்று ழான் முடிவு செய்தார். ஆழ்கடலில் அதைப் பின்தொடர முடியாது. பிடித்து வாளியில் வைத்தால் செத்துப்போகும். எனவே 1832 அளவில் அவர் மூன்று வகை அமைப்புகளை உருவாக்கினார். ஒன்று, வீட்டுக்குள் வைத்துப் பார்க்கக் கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டி. இரண்டாவது, கடலில் இறக்கி, வேண்டும்போது மேலே எடுத்துப் பார்க்கக்கூடிய, கூண்டுக்குள் பொருத்திய கண்ணாடித் தொட்டி. மூன்றாவது, பெரிய உயிர்களை வைக்க, நங்கூரமிட்டுக் கடலுக்குள் நிறுத்தும் கூண்டு.

இதில் உள்ள யோசனையைக் கவனியுங்கள். அன்று நீரைச் சுத்திகரிக்கும் கருவி இல்லை, காற்று ஊதும் மோட்டார் இல்லை, உப்பின் அளவு காட்டும் மானி இல்லை. கடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாத இடத்தில், அவர் வீட்டைக் கடலுக்குள் கொண்டுபோனார். கூண்டுக்குள் அலையும் கடலின் அலைதான், நீரும் கடலின் நீர்தான். உயிர் தன் வீட்டில் இருப்பதாகவே வாழ்ந்தது. அதனால்தான் அது தன் இயல்பையும் காட்டியது.

ழான் முட்டைகளிலிருந்தே தொடங்கினார். வெளிவந்த குஞ்சுகளுக்கு ஓடு இல்லை. ஓடு பின்னரே உருவானது. அடுத்து, வளர்ந்த ஆர்கோனாட்டுகளின் ஓட்டில் சிறு துண்டுகளை உடைத்துவிட்டுக் காத்திருந்தார். அவை அகன்ற அந்த இரு கைகளையும் ஓட்டின்மேல் பரப்பி, புதிய பொருளைச் சுரந்து, உடைந்த இடத்தை மூடின. பாய்மரம் என்று உலகம் நம்பியது உண்மையில் ஓடு கட்டும் கருவி. ஆர்கோனாட் திருடவில்லை, தன் ஓட்டைத் தானே கட்டுகிறது. வழக்கு முடிந்தது.

பெற்றதும் இழந்ததும்

சிசிலியின் கத்தானியா நகரிலிருந்த ஜோயெனியா அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1839இல் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் லண்டன் விலங்கியல் சங்கத்தில் அவரது கண்டுபிடிப்புகளை எடுத்துரைத்தவர் புகழ்பெற்ற உடற்கூற்று அறிஞர் ரிச்சர்ட் ஓவன். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் மூடியிருந்த அந்தக் காலத்தில், பத்துக்கும் மேற்பட்ட அறிவியல் கழகங்கள் ழானைத் தங்களோடு சேர்த்துக்கொண்டன. 1842இல் சிசிலித் தீவைப் பற்றிய வழிகாட்டி நூல் ஒன்றும் வெளிவந்தது.

பிறகு வந்தது பேரிழப்பு. 1843இல் தம்பதியர் சிசிலியை விட்டுக் கிளம்பினர். அவரது சேகரிப்புகளும் குறிப்புகளும் ஏற்றப்பட்ட கப்பல் கடலில் மூழ்கியது. பல ஆண்டு உழைப்பு, அவர் நேசித்த அதே கடலுக்கு அடியில் போனது. அதற்குப் பிறகு எழுதினாலும், புதிய ஆய்வு எதையும் அவர் தொடங்கவில்லை.

லண்டன் விலங்கியல் பூங்காவில் மக்கள் பார்வைக்கான மீன் காட்சியகம் 1853இல் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் வழியாக அக்குவேரியம் என்ற சொல் பரவியது. இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி வைக்கும் மோகம் எழுந்தது. மெசினாவின் தொட்டிகளைப் பலர் மறந்துவிட்டனர். ஆனால் ஓவன் மறக்கவில்லை. ஆய்வுக்கான தொட்டியை உருவாக்கியவர் ழான்தான் என்று 1858இல் எழுத்தில் பதிவு செய்தார்.

1870இல் பிரஷ்யப் படைகள் பாரிசை முற்றுகையிட்டன. முதுமையில் ழான் நகரை விட்டு வெளியேறி, பிறந்த ஊரான ஜுய்யாக் திரும்பினார். அங்கேயே 1871 ஜனவரி 25ஆம் தேதி காலமானார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1997இல், வெள்ளிக் கோளின் பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

நம் தொட்டிக்குத் திரும்புவோம்

ஆர்கோனாட்டும் ராட்சதச் சிப்பியும் மெல்லுடலிகள் என்ற ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவை. இரண்டுமே தம் ஓட்டைத் தாமே கட்டுகின்றன, தாமே சீர்செய்கின்றன. நாம் செய்யக்கூடியது அதற்கேற்ற கடலை அமைத்துக் கொடுப்பதுதான்.

சுருங்கிய சிப்பிக்கு முன்னால் நிற்கும்போது ழான் போல யோசியுங்கள். நீரின் உப்பு கடலளவில், அதாவது லிட்டருக்கு சுமார் 35 கிராம் இருக்கிறதா? வெப்பம் கூடிவிட்டதா? ஓடு கட்டத் தேவையான சுண்ணச்சத்து லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் உள்ளதா? சதைக்குள் வாழ்ந்து சிப்பிக்கு உணவு தரும் நுண்பாசிகளுக்கு ஒளி போதுமா? மீன் ஏதாவது சதையைக் கொத்துகிறதா? ஓட்டின் அடியில் அரிசிபோன்ற வெள்ளை ஒட்டுண்ணி நத்தைகள் உள்ளனவா? அவை இரவில்தான் வெளியே வரும் என்பதால் விளக்கணைத்த பின் ஒருமுறை பாருங்கள். காரணம் தெரிந்தபின் நீரைச் சிறிது சிறிதாகச் சரிசெய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் அதுவே அடுத்த அதிர்ச்சியாகும்.

சில வாரங்களில் ஓட்டின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியலாம். சிப்பி மீண்டும் ஓடு கட்டத் தொடங்கியதன் அடையாளம் அது. மெசினா கடலோரத்தில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு தையற்காரப் பெண் காத்திருந்து பார்த்ததும் இதையே.