யார் இந்த ஹாரி பக்? 'டிரில் மாஸ்டர்' வேலையை கோச் படிப்பாக மாற்றிய நந்தனம் மனிதர்!

மேற்கு மாம்பலத்தில் இருந்து ரயில் பாதையைத் தாண்டி, தி.நகர் நெரிசலையும் தாண்டி அண்ணா சாலைக்கு வந்தால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். புத்தகக் கண்காட்சிக்காக நீங்களும் அந்த கேட்டுக்குள் போயிருப்பீர்கள். புத்தகப் பையோடு நேராக வெளியே வந்துவிட்டதால், உள்ளே இருக்கும் உடற்கல்வியியல் கல்லூரியைக் கவனித்திருக்க வாய்ப்பு குறைவு.

காலேஜ் டீமில் பாஸ்கெட்பால் ஆடிய ஒருவர், ஒரு கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர நினைத்தால் முதலில் வரும் கேள்வி, பி.பி.எட். முடிச்சாச்சா என்பதுதான். நல்லா ஆடினால் போதாதா, இதற்கு எதுக்கு டிகிரி? போதாது என்று 100 வருஷத்துக்கு முன்பே மெட்ராஸில் முடிவு செய்தவர் ஹாரி குரோ பக்.

ஸ்பிரிங்ஃபீல்டு டு மெட்ராஸ்

1884 நவம்பர் 25-ல் லிவர்பூலில் பிறந்தவர் பக். இங்கிலாந்தில் இருக்கும் லிவர்பூல் இல்லை, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதே பெயரில் இருக்கும் சின்ன ஊர். படித்தது ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பீச் பழக்கூடைகளை மாட்டி பாஸ்கெட்பாலை உருவாக்கிய அதே கல்லூரி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. பாஸ்கெட்பாலுக்கு கோச் தேவை என்பதிலேயே நெய்ஸ்மித்துக்கு நம்பிக்கை கிடையாது. ஆடினால் போதும், சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்தபோது கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி! அங்கே அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன்தான் பின்னாளில் கோச் வேலையை ஒரு முழுத் தொழிலாகவே மாற்றிக் காட்டினார். பக்கும் இந்த விஷயத்தில் ஆலன் கட்சி.

கூரைக் கொட்டகையில் 5 பேர்

1919-ல் மனைவி மேரியுடன் மெட்ராஸ் வந்தார். அப்போது பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் 'டிரில்' மட்டும்தான். சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். வரிசையாக நில், கையைத் தூக்கு, லெஃப்ட் ரைட். அவ்வளவுதான் வகுப்பு. டிரில் மாஸ்டரை மற்ற வாத்தியார்களுக்குச் சமமாக யாரும் பார்க்கவில்லை. பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் 'கடன்' வாங்கும் பழக்கத்தைப் பார்த்தால், அந்தப் பார்வை இன்னும் முழுசாகப் போகவில்லை.

நல்ல விளையாட்டு ஆசிரியர் வேண்டுமென்றால் தேடிக்கொண்டிருக்க முடியாது, உருவாக்கத்தான் வேண்டும் என்று பக் நினைத்தார். 1920-ல் கல்லூரியைத் தொடங்கினார். கையில் இருந்தது கடன் வாங்கிய பணம், ஒரு கூரைக் கொட்டகை, 5 மாணவர்கள். ஓடவும் பந்து போடவும் பழக்கியதோடு உடற்கூறு, உடலியல், பாடம் நடத்தும் முறை எல்லாம் அங்கே பாடமானது. பிறகுதான் சைதாப்பேட்டையை ஒட்டிய 65 ஏக்கர் வளாகம். இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தும் பர்மா, சிலோனில் இருந்தும் மாணவர்கள் வந்தார்கள். படித்து முடித்து ஊர் திரும்பியவர்கள், தங்கள் பள்ளி, கல்லூரிகளில் பாஸ்கெட்பாலையும் வாலிபாலையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

பாரிஸ் பயணம்

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியத் தடகள அணிக்குப் பயிற்சியாளரும் பக் தான். கண்ணூரைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடியது அந்த அணியில்தான். தடகளத்தில் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் மாகாணம் மாகாணமாகப் போய் ஒலிம்பிக் சங்கங்கள் அமைக்க உதவியவர்களில் பக்கும் ஒருவர். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது.

எந்த ஊர் நடுவர் விசில் ஊதினாலும் ஒரே விதி இருக்கணும் இல்லையா? அதற்காக விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் போட்ட புத்தகம், அவர் காலத்துக்குப் பிறகும் பல பதிப்புகள் கண்டது.

1934-ல் டெல்லியில் முதல் தேசிய பாஸ்கெட்பால் போட்டி நடந்தபோது பக் உயிரோடு இருந்தார். 1943 ஜூலை 24-ல் மெட்ராஸிலேயே காலமானார். வயது 58. இந்திய பாஸ்கெட்பால் கூட்டமைப்பு வந்தது 1950-ல். இன்றைய பயிற்சியாளர்கள் டிப்ளமோவுக்காக ரயில் ஏறும் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கியது 1961-ல். இந்திய பாஸ்கெட்பால் அணி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே ஒரு முறை, 1980 மாஸ்கோவில்.