பூச்சிகளைப் படித்த தூண்டில்காரர்

மழை விட்ட மாலையில் ஈசல் பறந்தால் என் தாத்தா தூண்டிலைத் தேடுவார். செங் வட்டாரத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய காலத்திலிருந்தே அவருக்கு இந்தப் பழக்கம். ஈசல் புறப்படும் நாளில் மண்புழுவைக் கோத்துப் போட்டால் குட்டை மீன் திரும்பிக்கூடப் பார்க்காது, அதன் கண்ணெல்லாம் ஈசல்மேல்தான் இருக்கும் என்பார். தமிழ்ப்பள்ளியில் படித்த நாளில் நான் அதை வாய்பிளந்து கேட்டேன். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, அது வயதானவர் பேச்சு என்று ஒதுக்கிவிட்டேன்.

கடந்த ஆண்டு பல்கலைக்கழகக் களப்பயிற்சியில் எனக்குப் பாடம் கிடைத்தது. மலையோடை ஒன்றில் கல்லைப் புரட்டி, வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினோம். தட்டு முழுக்கச் சின்னஞ்சிறு உயிர்கள் நெளிந்தன. உயிரியல் பாடத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கும் எனக்கு ஒன்றின் பெயரும் தெரியவில்லை. ஓடைப் பூச்சிகளை அடையாளம் காண்பதைப் பற்றி நூலகத்தில் தேடியபோதுதான் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் எனக்கு அறிமுகமானார். தூண்டில் உலகில் அவர் பெயரை அறியாதவர் குறைவு. நம் மாணவர்களும் அறிய வேண்டியவர் அவர்.

1802ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் ரொனால்ட்ஸ். அவருடைய அண்ணன் பிரான்சிஸ் ரொனால்ட்ஸ் 1816இலேயே வீட்டுத் தோட்டத்தில் பல மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்து, மின்சாரத்தால் தந்தி அனுப்பிக் காட்டியவர். எதையும் சோதித்துப் பார்க்கும் குணம் அந்த வீட்டில் இருந்தது. ஆனால் தம்பியின் ஆய்வுக்கூடம் ஆற்றங்கரை.

ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்தில் வாழ்ந்த நாளில் அவருக்கு டிரவுட் மீன் பிடிப்பதில் ஆர்வம் ஏற்பட்டது. குளிர்ந்து தெளிந்து ஓடும் நீரில் வாழும் மீன் இது. நீர்ப்பூச்சிகள் இதன் முக்கிய உணவு. ஒரு வகைப் பூச்சி கூட்டமாக இறக்கை முளைத்து வெளிவரும் நேரத்தில், டிரவுட் பெரும்பாலும் அதை மட்டுமே தின்னும். வேறு எதைக் காட்டினாலும் சீண்டாது. தாத்தாவின் ஈசல் கணக்கேதான். ஆனால் அந்தப் பூச்சிகள் மிக மென்மையானவை. முள்ளில் கோத்து வீசினால் பிய்ந்துவிடும். அதனால் இறகு, பட்டு நூல், விலங்கு மயிர் ஆகியவற்றை முள்ளில் கட்டிப் பொய்ப்பூச்சி செய்வார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஃபிளை என்று பெயர்.

அதுவரை ஃபிளை கட்டும் முறை, சமையல் கைப்பக்குவம் போல வாய்மொழியாகவும் குறிப்புகளாகவும் வந்துகொண்டிருந்தது. ஒரே பூச்சிக்கு ஆற்றுக்கு ஆறு வேறு பெயர். இன்னோர் ஊரில் அதே பெயர் வேறு பூச்சியைக் குறிக்கும். பூச்சியியல் அறிஞர்கள் லத்தீன் பெயர் வைத்திருந்தார்கள். மீனவர்கள் தங்கள் பெயரை வைத்திருந்தார்கள். இரண்டையும் இணைத்துப் பார்ப்பவர் இல்லை.

ரொனால்ட்ஸ் பூச்சியியலில் பட்டம் வாங்கியவர் அல்லர். அவர் முதலில் செய்த வேலை, பிளைத் என்ற ஆற்றின் கரையில் ஒரு குடில் கட்டியதுதான். மீனுக்குத் தெரியாமல் மீனைப் பார்ப்பதற்கென்றே அமைத்த குடில் அது. அங்கே உட்கார்ந்து, செத்த ஈக்களை ஒரு தகரக் குழாய் வழியே ஊதி நீரில் விழச் செய்தார். டிரவுட் அவற்றைத் தின்றது. அடுத்து மிளகாய்த்தூளும் கடுகும் தடவிய ஈக்களை ஊதினார். மீன் அவற்றையும் பிடித்தது! சிலவற்றைத் துப்பினாலும் மறுபடியும் வந்தது. இரை தேடுவதில் சுவையைவிடக் கண்ணே முந்துகிறது என்று குறித்துக்கொண்டார். பிறகு நண்பரை மறைவில் நிறுத்தித் துப்பாக்கியால் சுடச் சொன்னார். மீன் அசையவில்லை.

மீனுக்குக் காது கேட்காது என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. மீன்களுக்குக் கேட்கும் திறன் உண்டு என்பது இன்று தெரிந்த செய்தி. காற்றில் எழும் ஒலியின் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. நீருக்குள் கொஞ்சமே இறங்குகிறது. ஆனாலும் அவர் காட்டிய வழி சரியானது: கேள்விப்பட்டதை நம்பாதே, உட்கார்ந்து பார், எழுதி வை. ஒளி நீரில் நுழையும்போது வளைவதைக் கணக்கிட்டு, கரையில் நிற்பவர் மீனின் கண்ணுக்கு எப்படித் தெரிவார் என்பதையும் அவர் படம் போட்டு விளக்கினார். உயரம் தாழ்த்தி நின்றால் மீன் பார்க்காது என்பதற்கு அதுவே விளக்கம்.

இந்த உழைப்பெல்லாம் 1836இல் ‘ஃபிளை ஃபிஷர்ஸ் என்டமாலஜி’ என்ற நூலாக வெளிவந்தது. மாதவாரியாகப் பூச்சிகள், ஒவ்வொன்றுக்கும் அறிவியல் பெயர், மீனவர் பெயர், வாழ்க்கை முறை, அதற்கு ஃபிளை கட்டும் வழி. வண்ணப் படத்தில் உண்மைப் பூச்சியும் பொய்ப்பூச்சியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். படங்களைத் தீட்டியவரும் அவரே. மேஃபிளை என்ற பூச்சி இறக்கை முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும். இதனால் மீனவர்கள் அதன் இரு பருவங்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே பூச்சி என்பதை அவர் நூலைப் படிக்கும் யாரும் புரிந்துகொள்ளலாம். ரொனால்ட்ஸ் எழுதிய ஒரே நூல் இது. அவர் மறைந்த பிறகும் பல பதிப்புகள் கண்டது.

நூல் புகழ் பெற்றாலும் வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. பின்னர் குடும்பம் வேல்ஸுக்குப் பெயர்ந்தது. 1847இல் மனைவி காலமானார். அடுத்த ஆண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். தங்கம் தேடி மக்கள் குவிந்த பல்லராட் நகரில், ஏரிக்கரையோரம் செடி நாற்றுகள் வளர்த்து விற்றார். 1860 ஏப்ரலில் அங்கேயே காலமானார்.

இதைப் படித்தபோது ஒரு கணக்கு என் மனத்தைத் தைத்தது. ஆஸ்திரேலியாவின் ஆறுகளில் இயற்கையாக டிரவுட் கிடையாது. பனிக்கட்டியில் பொதிந்த டிரவுட் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு உயிரோடு வந்து சேர்ந்தது 1864இல். அதாவது, டிரவுட்டை உலகுக்கே விளக்கியவர் தம் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளை அந்த மீனே இல்லாத நாட்டில் கழித்தார். அவர் போன பிறகுதான் மீன் வந்தது. இன்று பல்லராட்டின் அதே ஏரியில் டிரவுட் பிடிக்கிறார்கள்.

நம் தமிழ் மண்ணுக்கும் இந்த மீன் வந்தது. 1860களில் டாக்டர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர எடுத்த முயற்சி பலிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து எச்.சி.வில்சன் அதில் வெற்றி கண்டார். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது.

மலாக்காவின் வெப்பத்தில் டிரவுட் வாழாது. ஆனால் ரொனால்ட்ஸ் படித்த பூச்சிகளின் உறவினர் நம் ஓடைகளிலும் உண்டு. மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டும் கேடிஸ் ஆகிய மூன்றும் நிறைந்திருந்தால் நீர் சுத்தமாக இருக்கிறது என்று அறிவியலாளர்கள் கணிக்கிறார்கள். கழிவு கலந்தால் முதலில் மறைபவற்றில் இவையும் அடங்கும். தூண்டிலுக்காகத் தொடங்கிய அடையாளம் காணும் கலை இன்று ஆற்றின் உடல்நலத்தைச் சோதிக்க உதவுகிறது.

விடுமுறையில் செங் வந்தபோது, களப்பயிற்சியில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் தாத்தாவுக்குக் காட்டினேன். எனக்கு அரைநாள் குழப்பம் தந்த ஒன்றைப் பார்த்த உடனே அவர் தட்டானின் குஞ்சு என்றார். அது கோரைத் தண்டில் ஏறி, முதுகு வெடித்துப் பறக்கும் நேரத்தையும் சொன்னார். அவர் தூண்டில் போட்ட குட்டை இருந்த இடத்தில் இப்போது வீடுகள் நிற்கின்றன. அவர் அறிந்தது எந்த நூலிலும் இல்லை.

அன்றே ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். இடப்பக்கம் தாத்தா சொல்லும் பெயர், வலப்பக்கம் அறிவியல் பெயர். இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது. வலப்பக்கத்தில் நான்கு இடம் இன்னும் காலி.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் மீனோ, மரமோ, மழையோ தெரிந்த ஒரு பெரியவர் இருப்பார். பாடநூலோடு அவர் பக்கத்திலும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பேனாவை மறக்காதீர்கள்.