புத்தகம் கட்டிய கரங்கள்: மைக்கேல் பாரடே

மின்சார ரயில் ஓடுவதற்கும், வீட்டில் விசிறி சுழல்வதற்கும் வழிகோலிய பெருமக்களுள் முதல் வரிசையில் வைத்து நாம் போற்றத்தக்கவர் மைக்கேல் பாரடே.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, லண்டன் நகரை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் ஏழைக் கருமான் ஒருவரின் மைந்தராக அவர் பிறந்தார். எழுத்தும் எண்ணும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பதினான்காம் வயதில் ரீபோ என்பவரின் கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த நூல்களையெல்லாம் படித்தார். முதலாளியும் அதைத் தடுக்கவில்லை. 1812-இல் கடையின் வாடிக்கைக்காரர் ஒருவர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஸர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளுக்கு அனுமதிச் சீட்டு அளித்தார். பாரடே கேட்டவற்றை எழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு மார்ச்சில் அங்கேயே சோதனைச்சாலை உதவியாளரானார்.

1821-இல் மின்னோட்டமுள்ள கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்தார். மோட்டாரின் தோற்றம் அதுவே. 1831-இல் காந்தத்தின் அசைவினால் மின்னோட்டம் பிறப்பித்தார். டைனமோவின் தோற்றம் அது. இவ்வாறு மின்சாரம் இயக்கமாகவும், இயக்கம் மின்சாரமாகவும் மாறலாயின.

பின்னர், கரைசல்களில் மின்சாரத்தைச் செலுத்தி, பிரியும் பொருளின் எடைக்கும் செலுத்திய மின்சாரத்திற்கும் மாறாத கணக்குண்டு என்று 1834-க்குள் நிறுவினார். 108 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்சாரம், மயில்துத்தக் கரைசலிலிருந்து சுமார் 32 கிராம் செம்பையே படியவைக்கும். காரணம் யாது? வெள்ளி அயனி ஓர் எலெக்ட்ரானை ஏற்கிறது. செம்பு அயனியோ இரண்டை ஏற்கிறது. கம்பியில் ஓடும் எலெக்ட்ரான்களே அணுக்களைப் பிணைக்கும் வேலையையும் செய்கின்றன. எலெக்ட்ரானை ஜே. ஜே. தாம்ஸன் கண்டறிந்தது 1897-இல். பாரடேயோ 1867-இலேயே மறைந்துவிட்டார். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றின் கணக்கை அவர் தராசில் கண்டார்!

ஸர் பட்டத்தையும், ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவியையும் வேண்டாமென்று மறுத்தார். சிறுவர்களுக்குக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவு ஆற்றுவதை மட்டும் விரும்பி ஏற்றார்.

பாரடேயின் உழைப்பு அவருடையது. ஆனால் நூலைப் படிக்கவிட்ட முதலாளியும், சீட்டுக் கொடுத்த வாடிக்கைக்காரரும் இல்லாவிடில் அவ்வுழைப்பு கடைக்குள்ளேயே அடங்கியிருக்கும். கல்லூரி எட்டாத பிள்ளைகள் நம் காலனியிலும் உளர். அவர்கள் கையில் ஒரு நூலையும், ஓர் அனுமதிச் சீட்டையும் தருவது நம் கடமையன்றோ?