ஃபோலிக் அமிலம் முதல் மெத்தோட்ரெக்ஸேட் வரை: யார் இந்த சுப்பாராவ்?

கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் யாருக்காவது முடக்குவாதம் இருந்தால், மெத்தோட்ரெக்ஸேட் என்ற பெயரையும் கேட்டிருப்பீர்கள். இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர் ஒருவரே: எல்லப்பிரகட சுப்பாராவ்.

ஆனால் அவருடைய கட்டுரைகளில் மற்ற ஆய்வாளர்கள் அதிகம் மேற்கோள் காட்டியது எது என்று தேடினால், வருவது மருந்துக் கட்டுரை இல்லை. எப்படி?

1895-இல், அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறை, சென்னையில் படித்துத்தான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் அணிந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். முழு மருத்துவப் பட்டம் கைநழுவி, அதற்குக் கீழான சான்றிதழ்தான் கிடைத்தது. சகோதரர்கள் இருவரை அவர் ஸ்ப்ரூ நோய்க்குப் பறிகொடுத்தார். சாப்பிடும் சத்து உடம்பில் ஒட்டாமல் போகும் குடல் நோய் அது. பின்னாளில் அவருடைய குழு தயாரித்த ஃபோலிக் அமிலம் அதே நோய்க்கு மருந்தானது.

1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போனார். மருத்துவமனையில் இரவு வேலை, பகலில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வுக்கூடம். 1925-இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நீல நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் முறை பற்றியது. இன்றுவரை பத்தாயிரத்துக்கும் அதிகமான மேற்கோள்கள் அதற்கு உண்டு.

காரணம் ரொம்ப எளிது. அந்த முறையில் அளக்கிற ஒவ்வொருவரும் அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். சமையல் குறிப்பு மாதிரி அது.

அதே முறையை வைத்து இருவரும் தசையில் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளைக் கண்டுபிடித்து 1927-இல் அறிவித்தார்கள். 1929-இல் ஏடிபி, அதாவது நம் செல்களின் எரிபொருள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். தசை இயங்க லாக்டிக் அமிலமே அடிப்படை என்ற அன்றைய விளக்கம் இதனால் சரிந்தது. இப்போது ஏடிபி பள்ளிப் பாடம். இன்று யாராவது ஏடிபி பற்றி எழுதும்போது 1929 கட்டுரையைக் குறிப்பிடுவார்களா? மாட்டார்கள். பாடநூலில் ஏறிவிட்ட விஷயத்துக்கு மேற்கோள் தேவைப்படுவதில்லை.

ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி நிறுவனத்தில் முழுநேரமாகச் சேர்ந்து, ஆய்வுப் பிரிவை வழிநடத்தினார். இங்கேதான் அவருடைய பெயர் பின்னால் போக ஆரம்பிக்கிறது.

ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததை அறிவித்த 1945 கட்டுரையில் ஆங்கியர் என்ற ஆய்வாளரின் பெயர்தான் முதலில் வரும். நீண்ட பட்டியலின் நடுவே ஒருவராக சுப்பாராவ். ஆரியோமைசின் ஆன்டிபயாட்டிக்கை அறிவித்த 1948 கட்டுரை பெஞ்சமின் டக்கர் பெயரில் வந்தது. அது நியாயம்தான், கண்டுபிடித்தவர் டக்கர். ஆனால் அந்தத் தேடல் நடந்த ஆய்வுப் பிரிவை நடத்தியவர் யார் என்று எந்த எண்ணிக்கையும் சொல்லாது.

இன்னொன்று, இதைவிட முக்கியம். இரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகளின் நோயை ஃபோலிக் அமிலம் தீவிரமாக்குவதுபோல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பருக்குத் தோன்றியது. அப்படின்னா அதைத் தடுக்கும் பொருள் கொடுத்தால்? சுப்பாராவ் குழு அமினோப்டெரினைத் தயாரித்துக் கொடுத்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் வெளியான அந்தக் கட்டுரை புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. ஆசிரியர் வரிசையில் ஃபார்பரும் அவருடைய சக மருத்துவர்களும் இருக்கிறார்கள். சுப்பாராவ் இல்லை. அமினோப்டெரினின் நெருங்கிய உறவுதான் இன்றைய மெத்தோட்ரெக்ஸேட்.

நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களில் ஒன்றின் அறிவியல் பெயரிலேயே மலாயா இருக்கிறது: புருகியா மலாயி. அதற்கு எதிராகப் பயன்படும் டைஎத்தில்கார்பமசின் மாத்திரையும் 1940-களில் சுப்பாராவ் குழு கொண்டு வந்ததுதான்.

ஃபார்பரின் கட்டுரை வந்த இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்ட்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். வயது 53. அமெரிக்கா போன பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை. பின்னர், லெடர்லியில் பணியாற்றிய பூஞ்சை ஆய்வாளர் ஒருவர் ஒரு பூஞ்சைப் பேரினத்துக்கு சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்தார்.